மண்ணே அடைகாக்கும் முட்டைகள்

கோழிக்கு அடை வைக்கும் முறையை நம் கிராமத்துத் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கூடையில் மணலோ உமியோ பரப்பி, முட்டைகளை அடுக்கி, அடைக்கோழியை அமர்த்தினால் 21 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. கோழி தன் உடற்சூட்டை முட்டைகளுக்கு அளிக்கிறது. அலகால் அவற்றைப் புரட்டியும் கொடுக்கிறது. ஆனால் முதலையும் ஆமையும் முட்டையின்மீது அமர்வதில்லை. அவற்றின் முட்டைகளுக்கு மண்ணே அடைக்கோழி. அம்மண்ணின் ஈரமும் சூடும் கருவை எவ்வாறு காக்கின்றன என்பதையும், கொள்ளிடக் கரையில் உள்ளோர் அதனை ஏன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

நம் பகுதியும் முட்டைகளும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன. 2009-ஆம் ஆண்டில் செந்துறை அருகே டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலார் அறிவித்தனர். 2020-ல் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களையும் மக்கள் அவ்வாறே கருதினர். அவை அம்மோனைட் என்னும் கடலுயிரின் எச்சத்தைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்று அறிஞர்கள் விளக்கினர்.

டைனோசர் மறைந்துவிட்டது. ஆயினும் மண்ணில் முட்டையிடும் பேருயிர் ஒன்று இன்றும் நம் எல்லையில் வாழ்கிறது. அணைக்கரையைச் சார்ந்த கொள்ளிடப் பகுதிகளில் காணப்படும் நன்னீர் முதலையே அது.

கூடும் காலமும்

இம்முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், கரையின் மேடான இடத்தில் பின்னங்கால்களால் குழி பறித்து, ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகளை இட்டு மூடுகிறது. குஞ்சு பொரிய இரண்டு மாதம் அல்லது அதற்குச் சற்று மேலும் ஆகும். கோடையில் மேல்மணல் காலைச் சுட்டாலும், ஒரு முழ ஆழத்தில் ஈரம் தங்கியிருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. முக்கொம்பிலிருந்து உபரி நீர் கொள்ளிடத்தில் பெருகுவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. வெள்ளம் வருமுன் குஞ்சுகள் வெளிவந்துவிட வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு.

ஈரத்தின் அளவு

கோழி முட்டை அடைக்காலத்தில் தன் எடையில் ஏறத்தாழ 12 சதவிகிதத்தை நீராவியாக இழத்தல் வேண்டும். அப்பொழுதுதான் உள்ளிருக்கும் காற்றறை விரிந்து, குஞ்சு மூச்சுவிட இடம் கிடைக்கும். எனவே குஞ்சு பொரிக்கும் கருவியில் முதல் 18 நாட்கள் 50 முதல் 60 சதவிகித ஈரப்பதமே போதும்.

முதலை முட்டையின் தேவை வேறு. அதனைச் சூழ்ந்த காற்று ஈரம் நிறைந்ததாக இருத்தல் அவசியம். செயற்கை முறையில் பொரிக்கும் இடங்களில் 90 சதவிகிதத்திற்கு மேல் ஈரப்பதம் காக்கப்படுகிறது. ஈரம் குறைந்தால் முட்டை நீரிழந்து கரு வாடும். அதற்காக நீரை ஊற்றினாலும் தீங்கே விளையும். ஓட்டின் நுண்துளைகளை நீர் அடைத்துக்கொள்ள, கரு மூச்சுமுட்டி மடியும், பூஞ்சையும் படரும். கையால் அள்ளிப் பிடித்தால் மணல் பிடியாக நிற்க வேண்டும். இறுக்கினால் நீர் சொட்டக் கூடாது. இதுவே எளிய அளவுகோல்.

ஈரம் சூட்டையும் மாற்றுகிறது. நனைந்த மணல் குளிர்கிறது. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது கூட்டின் சூடேயாகும். ஆய்வுக்கூடத்தில் 28 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரை நிலையாக வைத்த முட்டைகளில் பெண் குஞ்சுகளே பிறந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் பிறந்தன. ஓரிரு டிகிரி மாற்றம்கூட ஒரு தலைமுறையின் அமைப்பை மாற்றவல்லது.

புரட்டுதல் ஆகாது

கோழி முட்டையைப் புரட்டாவிடில் கரு ஓட்டில் ஒட்டிக்கொண்டு கெடும். முதலை முட்டையிலோ, இட்ட ஒரு நாளளவில் கரு மேல்புற ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே அது வளர்தல் வேண்டும். பின்னர் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். ஆதலால் வனத்துறையினர் முட்டைகளை இடம் மாற்ற நேரிடின், ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் குறியிட்டு, எடுத்த நிலையிலேயே, கூட்டு மணலுடன் கொண்டுசெல்வர்.

1975-ல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அமராவதி அணைப் பண்ணையில் காட்டுக் கூடுகளின் முட்டைகள் பொரிக்கப்பட்டு, வளர்ந்த முதலைகள் நீர்நிலைகளில் விடப்பட்டன. 1976-ல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை நிறுவப்பட்டது. இவை பயிற்சி பெற்றோர் அரசின் அனுமதியுடன் ஆற்றும் பணிகள்.

நாம் செய்யத்தக்கவை

முட்டைகளை உடைத்துவிட்டால் முதலைத் தொல்லை ஒழியும் என்று எண்ணுவோர் உண்டு. ஆற்றில் குளிப்போருக்கும் மாடு மேய்ப்போருக்கும் உள்ள அச்சம் நியாயமானதே. ஆனால் தாய் முதலை கூட்டருகே காவல் இருப்பது வழக்கம். கூட்டைக் கலைக்கச் செல்பவரே முதலில் ஆபத்துக்கு உள்ளாவார். மேலும், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கூட்டைக் கலைப்பதும் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் வேட்டையாடுதலாகவே கருதப்படும்.

எனவே கரையோர ஊராட்சிகள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. பிப்ரவரி முதல் ஜூன் வரை, முதலை நடமாடும் துறைகளில் எச்சரிக்கைப் பலகை வைத்தல். குளிப்பதற்கும் கால்நடைகளுக்கு நீர் காட்டுவதற்கும் வேறு துறையைக் கிராம சபையில் பேசி முடிவு செய்தல்.

2. கூடு இருப்பதாக ஐயம் எழுந்தால் தோண்டிப் பார்க்காமல், நீர் தெளிக்காமல், விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவித்தல்.

3. அவ்விடத்தில் மணல் அள்ளுதல், புதர் எரித்தல், நாய்களை அவிழ்த்துவிடுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல்.

கூட்டுக்கு வேண்டிய ஈரத்தையும் சூட்டையும் நிழலையும் அது அமைந்த கரையே அளிக்கிறது. அக்கரையைக் கலைக்காமல் விடுவதும், மக்கள் அப்பக்கம் செல்லாதவாறு ஏற்பாடு செய்வதும் ஒரே செயலின் இரு பயன்கள். முட்டையும் பிழைக்கும், ஊராருக்கும் தீங்கு நேராது.