"பயமாக இருக்கிறது" என்று சொல்லும் துணிவு



அக்கரைப்பற்றில் பிறந்து வளரும் பிள்ளைக்குக் கடல் புதிதன்று, வயல்வெளியும் புதிதன்று. உயரந்தான் புதிது. கிழக்கே கடல், மேற்கே வயல், எங்கும் சமதரை. அப்பிள்ளை பாடசாலைச் சுற்றுலா சென்று முதன்முதலாகச் சிகிரியாவின் இரும்புப் படிகளில் நிற்கிறது. கால் நடுங்குகிறது. "இதுக்கும் பயமா?" என்று பின்னால் ஒரு குரல், பலர் சிரிக்கிறார்கள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. வீடு திரும்பியதும், "பயந்தாயா மகன்?" என்று கேட்கிறீர்கள். "இல்லை, அம்மா" என்கிறது.

அந்த "இல்லை"யைப் பற்றியே இன்று சிந்திப்போம். படியும் கைப்பிடியும் உள்ள இடத்தில் அந்தச் சிறு பொய் பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். ஆனால், கூட்டமாகச் சென்று கயிறு கட்டிப் பாறை ஏறும் இடத்தில் அது உயிருக்கே உலை வைக்கலாம்.

அச்சம் தீயதா?

அச்சம் உடலின் காவற்காரன். உயரத்தைக் கண்டதும் இதயம் விரைந்து அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் ஆடுகிறது. இது கோழைத்தனம் அன்று. பல்லாண்டு பழகியவருக்கும் இது வரும்.

காவற்காரன் வீட்டுக்காரனாகிவிடும்போதுதான் கேடு வருகிறது. அஞ்சியவர் பாறையை இறுகக் கட்டிக்கொள்கிறார். அப்படி ஒட்டிக்கொண்டால் காலடி கண்ணுக்குத் தெரியாது, பாதமும் வழுக்கும். பாரம் முழுவதும் கைகளில் விழ, கை விரைவில் சோர்ந்துபோகும்.

மேற்கொள்வது எப்படி?

முதலில் நில்லுங்கள். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள். உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கிக் கால்களைப் பாருங்கள். பாரத்தைக் கால்களுக்குக் கொடுங்கள். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று உறுதியாக இருக்க, ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். உச்சியை எண்ண வேண்டாம். அடுத்த பிடியை மட்டும் எண்ணுங்கள்.

தொடக்கத்தில் தாழ்ந்த பாறையே போதும். ஓராள் உயரம் ஏறியதும், பயிற்றுநர் சொல்லும்போது கையை விட்டுக் கயிற்றில் சாய்ந்து பாருங்கள். கயிறு தாங்கும் என்று பிறர் நூறு முறை சொல்வதைவிட, ஒருமுறை அது நம்மைத் தாங்குவதை உணர்வது மேல்.

கயிற்றின் மறுமுனை

நம் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள். ஒருவர் கைவிட்டால் அவருடைய பாரம் மற்றவர்மேல் விழும். பாறையிலும் அப்படித்தான். ஏறுபவரின் இடுப்புப் பட்டியில் கயிற்றின் ஒரு முனை. மறு பக்கத்தைத் தோழர் ஒருவர் பிடித்திருக்கிறார். ஏறுமுன் இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்க்க வேண்டும். "பயமாக இருக்கிறது" என்று மேலிருந்து குரல் வந்தால், கீழே நிற்பவர் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார், பொறுத்திருப்பார், வேண்டுமானால் இறக்கிவிடுவார். குரலே வராவிட்டால் அவர் எப்படி அறிவார்?

ஆகவே, அச்சத்தைச் சொல்வது ஏறுபவரின் கடமை. அதைக் கேட்டுச் சிரியாதிருப்பது கூட்டத்தின் கடமை. மிக மெதுவாக ஏறுபவரின் வேகமே கூட்டத்தின் வேகமாக இருக்கட்டும்.

திரும்புவது தோல்வியா?

2016ஆம் ஆண்டு நம் நாட்டைச் சேர்ந்த ஜயந்தி குரு உதும்பால, யோகான் பீரிஸ் ஆகிய இருவரும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிப் புறப்பட்டனர். மே 21ஆம் நாள் ஜயந்தி உச்சியை அடைந்தார். எவரெஸ்டை எட்டிய முதல் இலங்கையர் அவரே. யோகான் ஏறத்தாழ 8,400 மீற்றர் வரை சென்றபின், ஒட்சிசன் சிக்கலால் திரும்பினார். 8,848 மீற்றர் உயர்ந்த சிகரத்தில் எஞ்சியது ஏறக்குறைய 450 மீற்றர் மட்டுமே! திரும்பிய அவர் 2018ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். அன்று திரும்பியதால் அல்லவா மீண்டும் ஏற உயிரோடு இருந்தார்?

1922இல் திருத்தந்தையான பதினோராம் பத்திநாதரும் மலையேறியவரே. 1889இல் இளங்குருவாக இருந்தபோது, தோழரோடும் வழிகாட்டிகளோடும் மொன்ரே ரோசா மலையில் ஏறினார். குளிரில், ஒடுங்கிய பாறை விளிம்பிலே இரவைக் கழித்தனர். இருளில் அவசரப்பட்டு இறங்காமல் விடியும்வரை காத்திருந்த விவேகமும் துணிவுதானே?

பெற்றோரே, பயிற்சி பெற்றவர் துணையின்றியும், நனைந்த பாறையிலும் பிள்ளைகள் ஏற இடங்கொடாதீர்கள். அடுத்த முறை பிள்ளை சுற்றுலா முடிந்து வரும்போது, "பயந்தாயா?" என்பதோடு நிறுத்தாமல், "பயந்தபோது யாரிடம் சொன்னாய்?" என்றும் கேளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் அச்சத்தை வாய்விட்டுச் சொன்னவரைப் பார்த்து நாம் சிரித்ததுண்டா?

2. இன்று நாம் யாருடைய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறோம்?