மை படாத இடமே பனி: ஒரு குளிர்காலச் செதுக்கோவியத்தைப் படித்தல்

கறுப்பு வெள்ளையில் செதுக்கிய குளிர்காலக் காட்சியில் முதலில் பார்க்க வேண்டியது மை படாத தாளைத்தான். செப்புத்தகட்டில் உளி கீறிய பள்ளத்தில் மட்டுமே மை தங்கும். கீறாத இடம் அச்சில் வெறும் தாளாகவே நிற்கும். அங்கே பனி என்பது செதுக்குபவர் தொடாமல் விட்டுவைத்த இடம். மரக்கட்டைச் செதுக்கலில் இது தலைகீழ். இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக் (1753–1828) கட்டையில் வெட்டிய ஒவ்வொரு கோடும் வெள்ளையாக விழுந்தது. இந்த வேறுபாடு பிடிபட்ட பிறகே படத்தின் மனநிலையைப் பேசுவது பொருந்தும்.

ஓவியர் பீட்டர் புரூகல் 1558-இல் வரைந்த கோட்டோவியம் ஒன்றை ஃபிரான்ஸ் ஹூய்ஸ் செப்பில் செதுக்கினார். ஆன்ட்வெர்ப் நகரில் ஹியரோனிமஸ் கோக் அதை வெளியிட்டார். படத்தில் அந்நகரின் புனித ஜார்ஜ் வாயிலின் முன்னே அகழி உறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஊரே சறுக்கி விளையாடுகிறது. குளிர்காலம் என்றாலே தனிமை, முதுமை, சாவு என்று பொருள் சொல்லும் பழக்கம் இந்தப் படத்தின் முன் செல்லாது. இதன் மனநிலை கூட்டத்தில் இருக்கிறது. அதைவிட உடல்களில் இருக்கிறது. விரிந்த கைகளையும் வளைந்த முதுகுகளையும் சறுக்கி விழுந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் செல்ல வேண்டும். நெருங்கிய கோடுகளால் கருத்த உருவங்கள் வெளிர் பனிக்கட்டியில் தனித்தனியே தெரிவதால் ஒவ்வொருவரின் தடுமாற்றமும் கண்ணில் படுகிறது. களிப்பும் அச்சமும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது அபூர்வமான அழகு.

குறியீட்டுக்கு வரும்போது நிதானம் தேவை. மனித வாழ்வு வழுக்கும் தன்மையது என்ற வாசகம் இந்தப் படத்தின் பிற்காலப் பதிப்பில்தான் சேர்ந்தது. புரூகல் 1569-இலேயே இறந்துவிட்டார். விழுகிறவர்கள் படத்திலேயே இருப்பதால் அந்தப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அதைப் புரூகலின் நோக்கமாகச் சொல்லக் கூடாது. அது பின்னால் வந்தவர்களின் வாசிப்பு. கையிலிருக்கும் பிரதி எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டே விளக்கம் எழுத வேண்டும்.

தகட்டின் தேய்மானமும் ஏமாற்றும். பல பிரதிகள் எடுக்க எடுக்கச் செப்பில் மெல்லிய கோடுகள் மழுங்கும். பின்னால் அச்சான தாள்களில் நிழல்கள் வெளிறும். அந்த வெளிறலை மூடுபனி என்றோ துயரம் என்றோ வாசித்துவிடுவது எளிது. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அதே தகட்டின் வேறு பிரதிகளையும் திறந்து, ஒரே மூலையை ஒப்பிட்டுப் பார்த்தால் எது செதுக்கியவரின் வேலை, எது தேய்மானம் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.