பின்புறம் தாழும் பிக்கப்: கட்டையா, புதிய பட்டையா?

தாம்பரம், படப்பை, மணிமங்கலம் பகுதிகளிலிருந்து கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளின் பின்புறம் நாளடைவில் தாழ்வதுண்டு. இதைச் சரிசெய்ய அச்சுக்கும் கமான் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துகின்றனர். கட்டை உயரத்தைக் கூட்டுமே தவிர, சுமை தாங்கும் திறனைக் கூட்டாது. திருப்பங்களில் வண்டி கவிழும் அபாயமும் மிகும்.

வெற்று வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து பார்க்கவும். ஒருபுறம் தாழ்ந்திருந்தாலோ, பட்டையில் விரிசல் இருந்தாலோ, அந்த வண்டிக்குரிய புதிய பட்டைகளை இருபுறமும் ஒருசேர மாற்றுவதே சிறந்தது. யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் இறுக்க வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள எடையை மீறக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.