பக்க இணைப்பில் தெரியாத ரெசிஸ்டரைக் கண்டுபிடிக்க: புதிதாக வருபவர்களுக்கு

1. சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள், தம்பிகளா. பக்க இணைப்பில் எல்லாக் கிளைக்கும் மின்னழுத்தம் ஒன்றே. மின்னோட்டம்தான் பங்கு பிரியும். 12 வோல்ட் சப்ளை, மொத்த மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர், தெரிந்த ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தது 12 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 8. பன்னிரண்டு வோல்ட்டை அந்த 8 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1.5 கிலோ ஓம். மின்னோட்டம் இப்படிப் பங்கு பிரிவது, கிர்க்காஃப் 1845-இல், மாணவராக இருந்தபோதே வகுத்த விதிதான்.

2. மொத்த மின்தடை மட்டும் தெரிந்தால், தெரிந்ததையும் மொத்தத்தையும் பெருக்கி, இரண்டின் வித்தியாசத்தால் வகுக்கவும். மேலே சொன்ன சுற்றில் மொத்தம் 600 ஓம்: 1000 × 600 ÷ 400 = 1500. பின்னங்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் தலைகீழாக்க மறந்து மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

3. மொத்தம், கிளைகளில் ஆகச் சிறியதைவிடவும் குறைவாகவே இருக்கும். அப்படி இல்லையென்றால் கணக்கு தப்பு.

4. கணக்கு சரியாக இருந்தும் விடை பொய்யாகலாம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தெரிந்தது 1 கிலோ ஓம், மீட்டர் மொத்தம் 990 ஓம் காட்டுகிறது. சூத்திரப்படி தெரியாதது 99 கிலோ ஓம். ஆனால் தெரிந்த ரெசிஸ்டரில் தங்க நிற வளையம் இருந்தால் அது 950 முதல் 1050 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். உண்மையில் 1050 என்றால் தெரியாதது சுமார் 17 கிலோ ஓம்தான். 990 என்றாலோ, பக்கத்தில் எதுவுமே இல்லை! வித்தியாசம் சிறுத்தால் விடையை நம்பக் கூடாது. வளையத்தைப் படித்து எழுதாமல், தெரிந்ததையும் தனியே அளந்துகொள்ளுங்கள்.

5. மெகா ஓம் அளக்கும்போது இரண்டு முனையையும் விரலால் பிடிக்காதீர்கள். உங்கள் உடம்பும் ஒரு கிளையாகிவிடும்.

6. போர்டில் இருப்பதை அளப்பதென்றால் சப்ளையை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கியதை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். ரீடிங் குறைவாக வந்தால் பதற வேண்டாம், வேறு கிளைகள் சேர்ந்திருக்கும். வளையம் சொல்லும் அளவைத் தெளிவாகத் தாண்டி நின்றால் அந்த ரெசிஸ்டர் போய்விட்டது. மீட்டர் முனைகளை மாற்றி வைத்ததும் ரீடிங் மாறினால் டயோடோ டிரான்சிஸ்டரோ குறுக்கே நிற்கிறது. அங்கே சூத்திரம் உதவாது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்துவிடுங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவதைவிட அது சீக்கிரம் முடியும்.