இரு வைப்பிடங்கள்

ஒரு களஞ்சியத்திற்குக் கணக்கர் இருவர் இருந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாராயின் கணக்கு எங்ஙனம் நேர்படும்? கணினியுள்ளும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. டெபியன் என்னும் இயங்குதளம் அதனை நீக்க முயன்ற வரலாறு அறியத்தக்கது.

லினக்சைக் கருவாகக் கொண்ட டெபியன், 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன்கண் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டி வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு பொதியும் எக்கோப்புகளை எங்கெங்கு வைத்தது என்பதை டிபிகேஜி என்னும் மென்பொருள் பதிந்து வைக்கும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரல்களுக்கு வேண்டிய நூலகங்களும் இவ்வாறே வருவன. நூலகம் என்பது ஈண்டு ஏட்டுச்சாலையன்று. பல நிரல்கள் எடுத்தாளுதற்கென முன்னரே எழுதப்பட்ட நிரற்பகுதிகளின் தொகுதியே அப்பெயர் பெறும்.

பைத்தானுக்கோ பிப் என்னும் தனி நிறுவி ஒன்று உண்டு. அது புதிய நூலகங்களை இணையத்தினின்று நேரே கொணரும். ஆனால் டிபிகேஜியின் பதிவேட்டில் யாதும் எழுதாது. ஆகவே டெபியன் ஓர் எல்லை வகுத்தது. 'யூஎஸ்ஆர்' என்னும் கோப்படைவு இயங்குதளத்திற்கு உரியது. அதனுள் 'லோக்கல்' என்னும் பகுதி மட்டும் கணினியை ஆள்வோர்க்கு உரியது. அவர்கள் கணினி முழுமைக்குமெனப் பிப்பின் வாயிலாக நிறுவுவன லோக்கலுள் தங்கும். ஒன்றன் கோப்பை மற்றொன்று அழித்தல் இதனால் பெரிதும் தவிர்ந்தது.

எனினும் இடர் முற்றும் ஒழிந்திலது. வைப்பிடம் இரண்டாயினும் தேடுவோன் ஒருவனே அன்றோ? பைத்தான் ஒரு நூலகத்தை நாடும்பொழுது இவ்விரண்டனுள் லோக்கலையே முதலில் துழாவும். ஆங்குக் கிடைத்ததைக் கொண்டு அமையும். ஒருவர் தம் பணிக்கெனப் புதிய பதிப்பொன்றை அங்கு நிறுவினார் என்க. பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட இயங்குதளத்தின் கருவிகளும் அப்புதியதையே எடுத்தாளும். நேற்றுவரை செவ்வனே இயங்கிய கருவி இன்று பிழை காட்டி நின்றுவிடும். பொதியின் கோப்புகளில் ஒரு குற்றமும் இராமையின், காரணம் தேடுவோர் நெடுநேரம் மயங்குவர். பழுதுபடாத பொருளைப் பழுது பார்ப்பதனினும் அயர்வு தரும் வேலை வேறில்லை!

இதற்கு ஒரு வழி பைத்தானிலேயே இருந்தது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த 3.3ஆம் பதிப்பு முதல், 'மெய்நிகர் சூழல்' அமைக்கும் வசதி அதனோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு பணிக்கும் தனி அடைவு. அதற்குத் தனி நூலகங்கள். பணி முடிந்தபின் அவ்வடைவை நீக்கினால் அனைத்தும் நீங்கும். ஆயினும் இதனைப் பேணாது விடுத்தோர் பலர். ஆதலின் 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த டெபியன் 12ஆம் பதிப்பு கடுமை மேற்கொண்டது. இப்பைத்தான் இயங்குதளத்தின் காவலில் உள்ளது என அறிவிக்கும் சிறு கோப்பொன்று அதில் வைக்கப்பட்டது. அதனைக் கண்டதும் பிப் நிறுவ மறுத்து, மெய்நிகர் சூழலை நாடுமாறு கூறும். மறுப்பை மீறுதற்கும் ஒரு குறிப்புச்சொல் உண்டு. இயங்குதளத்தின் பொதிகளைக் குலைத்திடுக என்பதே அச்சொல்லின் பொருள்.