சூடாகாத காயில்

ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றி பேட்டரி கொடுத்தால் குண்டூசி ஒட்டும். லேபில் எல்லோரும் செய்திருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் கம்பி சுடுமே, அதற்குக் காரணம் மின்தடை. நம்ம ஊர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார் எரிவதும் இதனால்தான். லோ வோல்டேஜில் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், காயில் சூடேறும், வார்னிஷ் கருகும்.

இப்போது இதைக் கேளுங்கள். ஸ்விட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லையில், செர்ன் ஆய்வகத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம் இருக்கிறது. நாம் விழுப்புரத்துக்கு இரண்டு தடவை போய் வருகிற தூரம்! அதற்குள் புரோட்டான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றும். நேராகப் போகப் பார்க்கும் அவற்றை வளைக்க 1,232 பெரிய காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன். முழு சக்திக்கு அதன் காயிலில் 11,850 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டு மிக்சி இழுப்பதே 3 ஆம்பியர்தான்! அதே கனத்தில் சாதாரணச் செம்புக் கம்பி போட்டால் உருகிவிடும்.

அதற்குத்தான் மீக்கடத்தி. 1911-ல் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை –269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது மின்தடை அப்படியே மறைந்ததைக் கண்டார். செர்ன் காந்தங்களில் இருப்பது நியோபியம்–டைட்டானியம். முடியைவிடப் பத்து மடங்கு மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகளைச் செம்புக்குள் புதைத்து இழுத்த கம்பி. திரவ ஹீலியத்தில் –271 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள்.

செய்வதில் கஷ்டம் எங்கே தெரியுமா? சுற்றிய கம்பி அசையக் கூடாது. காந்த விசை கம்பியைத் தள்ளும். அது இம்மி நகர்ந்தால்கூட உரசலில் வரும் துளிச் சூடு போதும், அந்த இடம் மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும். அப்போது கரண்ட்டுக்கு வழி கொடுக்கத்தான் அந்தச் செம்பு. எனவே காயிலை எஃகுப் பட்டைகளால் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, எவ்வளவு ஒழுங்காகச் சுற்றினாலும் காந்தப்புலத்தில் சின்னப் பிசகு இருக்கும். அதைச் சரிசெய்யப் பெரிய காந்தத்தின் முனையில் குட்டிக் காந்தங்கள் வைக்கிறார்கள். ஒரு சாண் நீளம்கூட வராது. அவற்றில் ஏறக்குறைய பாதி, அதாவது 1,700-க்கும் மேல், நம் நாட்டில் செய்தவை! 1996-ல் ஒப்பந்தம் போட்டு, இந்தூரில் உள்ள இன்றைய ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் தயாரானவை. 35 டன் காந்தங்களைத் தாங்கும் சுமார் 7,000 ஜாக்கிகளும் இங்கிருந்தே போயின. லாரி ஜாக்கி மாதிரி இல்லை, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை நகர்த்தலாம்.

மோட்டார் காயில் கட்டும் என் மாமா, "எரியறது பாதி ஜாயிண்ட்லதாண்டா" என்பார். அங்கேயும் அதேதான். 2008 செப்டம்பர் 10-ல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 19-ம் தேதி, இரண்டு காந்தங்களுக்கு நடுவே சரியாகப் பற்றாத ஓர் இணைப்பு சூடாகி உருகியது. ஹீலியம் டன் கணக்கில் கொட்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட காந்தங்களை மேலே தூக்கிவர வேண்டியதாயிற்று. மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது.