செய்மதி கண்டதும் காணாததும்



வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியை வாங்கி, அதில் வரும் செய்மதிப் படத்தில் எங்கள் ஹெந்தளையைத் தேடிப் பாருங்கள். களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு வடக்கே, நீர்கொழும்பை நோக்கி அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு நீர்க்கோடு தெரியும். அதுவே ஹமில்டன் கால்வாய். ஊருக்குள் இன்னும் சற்றுத் தேடினால், 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஏற்படுத்திய தொழுநோய் வைத்தியசாலையின் கூரைகளையும் காணலாம். மேலிருந்து பார்ப்பவனுக்கு அவை வெறும் கூரையும் மரமுந்தான். வீட்டையும் உறவையும் விட்டு வந்து அங்கே வாழ்ந்து மறைந்தவர்கள் யார், எத்தனை பேர் என்பதை அப்படம் சொல்லாது.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு தாய். வன்னியிலிருந்து வந்து இங்கே மகளோடு இருக்கிறார். சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 2009இல் எடுக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் கரையின் செய்மதிப் படமொன்று பேரனின் கையில் இருந்தது. மணலில் உப்பைக் கொட்டியதுபோல எங்கும் வெண்புள்ளிகள். “சுவாமி, இதில எங்கட கொட்டில் எது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் இவ்விடயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

செய்மதி பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டு நிலத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பதிவு செய்கிறது. 2009இல் விலைக்குக் கிடைத்த மிகத் தெளிவான படங்களில் ஒரு சதுரம் ஏறக்குறைய அரை மீற்றர். தரப்பாள் கொட்டில் ஒன்று பல சதுரங்களில் விழும், ஆகவே தெரியும். நிற்கும் மனிதனின் தோள் அகலம் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே அவனை அடையாளங்காண முடியாது. கொட்டிலின் கீழே குழி வெட்டி, புடைவைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி, அதற்குள் பிள்ளைகளை இருத்தியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தனிப்படம் ஒன்றால் அதிக பயன் இல்லை. ஒரே இடத்தை இரு வேறு நாட்களில் எடுத்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். கூரை இருந்த இடத்தில் இடிபாடு கிடந்தால் கட்டடம் போயிற்று. வட்டமான பள்ளமும் அதைச் சுற்றிச் சிதறிய மண்ணும் ஷெல் விழுந்ததன் அடையாளம். சிறு மேடுகள் வரிசையாக இருந்தால் அது மயானம். இப்பொழுது ராடர் முறையும் வந்துள்ளது. 2014இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-1 போன்ற செய்மதிகள் தாமே அலைகளை அனுப்பி எதிரொலியைப் பதிகின்றன. முகிலும் இருளும் தடையல்ல. நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தின் எதிரொலி ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். அது திடீரென மாறினால் அங்கே ஏதோ இடிந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

இனி எங்கள் நாட்டுக் கதைக்கு வருவோம். 2009 ஜனவரியில் அரசாங்கம் வன்னியில் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரி 12ஆம் திகதி இரண்டாவது வலயம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, புதுமாத்தளன் தொட்டு முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய மணற்கரை. மே 8ஆம் திகதி மூன்றாவது. அது சில சதுர கிலோமீற்றர்தான். சுதந்திரமான பத்திரிகையாளர் எவரும் உள்ளே செல்ல முடியவில்லை. அங்கேயே தங்கிவிட்ட குருக்கள், கன்னியர், அரசாங்க வைத்தியர்கள், காயப்பட்டோரைக் கப்பலில் ஏற்றிய செஞ்சிலுவைச் சங்கத்தார் ஆகியோரைத் தவிர, வெளியுலகுக்கு இருந்த மற்றக் கண் வானத்தில்தான் இருந்தது.

அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தினர் மே 6ஆம் திகதிப் படத்தையும் 10ஆம் திகதிப் படத்தையும் ஒப்பிட்டனர். ஷெல் பள்ளங்களையும் அழிந்த கட்டடங்களையும் கண்டனர். நான்கு நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான கொட்டில்கள் மறைந்திருந்தன. மூன்று மயானங்களில் கல்லறைகள் எனக் கருதத்தக்க 1,346 அடையாளங்களை எண்ணினர்.

வாசகரே, இங்கே சற்று நிதானிக்க வேண்டும். மறைந்த கொட்டில் எரிந்ததா, அல்லது அதிலிருந்தவர்கள் தரப்பாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்களா? கல்லறையில் கிடப்பவர் போராளியா, பால் வாங்கப் போன தாயா? படம் இதைச் சொல்லாது. புதைக்க ஆளில்லாமல் விடப்பட்டவர்கள் அந்த 1,346க்குள் வரவும் மாட்டார்கள்.

ஆனாலும் படத்தைத் தள்ளிவிட முடியாது. 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, சாட்சிகள் சொன்னதோடு செய்மதிப் படங்களையும் வைத்துப் பார்த்தது. பாதுகாப்பு வலயங்களையும் வைத்தியசாலைகளையும் அரச படையினர் ஷெல்லால் தாக்கினர் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் உண்டென்றது. வெளியேற முயன்ற சனங்களைப் புலிகள் தடுத்தனர், சுட்டனர், மக்கள் நடுவே ஆயுதங்களை வைத்தனர் என்பதற்கும் ஆதாரம் உண்டென்றது. முதலாவதை மட்டும் வாசிப்போரும் இரண்டாவதை மட்டும் வாசிப்போரும் எங்கள் பங்குகளிலேயே இருக்கிறார்கள். இரண்டையும் வாசியுங்கள். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பது அக்குழுவின் கணிப்பு. அடுத்த ஆண்டில் ஐ.நா. தன் சொந்தப் பணியையே ஆராய்ந்த அறிக்கையோ 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது.

இத்தொகைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன? உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே பிணக்கு இருந்தது. 2009 பெப்ரவரியில் அரசாங்கத் தரப்பு சொன்னது சுமார் 70,000 பேர் என்று. முல்லைத்தீவுக் கச்சேரியின் அதிகாரிகள் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்றார்கள். முடிவில் வெளியே வந்தவர்களே இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகம். குறைத்துச் சொன்ன தொகைக்கு ஏற்பவே அரிசியும் மருந்தும் உள்ளே போகும். அதனால் அந்தப் பிழை காகிதத்தோடு நிற்கவில்லை.

நூறு ஆடுகளில் ஒன்று குறைகிறதென்று அறிய, ஆயன் முதலில் எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? 2011 ஜனவரி 8ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருக்களோடு அதன் முன் சென்றார். அவர் செய்மதியை நாடவில்லை. கச்சேரியின் ஏட்டை நாடினார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் ஐ.நா. கணக்கின்படி 282,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

‘இத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்று ஆயர் சொன்னார்’ எனச் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. கச்சேரிக் கணக்கில் ஒருவர் இரு முறை பதிவாகியிருக்கலாம். சிலர் வேறு வழியாகத் தப்பியிருக்கலாம். அப்படியானால் அதைக் காட்டுங்கள் என்பதே அவர் கேள்வி. 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் இறைவனடி சேரும்வரை அக்கேள்விக்கு ஆளாளாகக் கணக்குச் சொன்ன விடை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்று காசாவிலும் இதையே காண்கிறோம். 2024 டிசம்பர்ப் படங்களைக் கொண்டு, அங்குள்ள கட்டடங்களில் 69 வீதம் சேதமடைந்தன என ஐ.நா.வின் செய்மதி நிலையம் கணக்கிட்டது. அந்தக் காலத்தில் பாப்பரசர் பிரான்சிஸ், காசாவின் திருக்குடும்ப ஆலயத்துக்கு அனேகமாக ஒவ்வொரு மாலையும் தொலைபேசி எடுத்தார். நோயுற்று வைத்தியசாலையில் கிடந்தபோதும் எடுத்தார். இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். எந்தச் செய்மதியாலும் கேட்க முடியாத கேள்வி அது!

ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் உங்களில் பலருக்கு அக்கரையில் யாரேனும் ஒருவர் விடுபட்டிருப்பார். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் மூத்தவரோடு இருந்து எழுதுங்கள்: முழுப் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற பங்கு, கடைசியாகக் கண்ட இடம், கண்ட நாள், கண்டவர் யார். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். இடம் தெரிந்தால் படத்தில் குறியிடுங்கள். படமும் பெயரும் ஒன்றுசேரும்போதுதான் அந்த வெண்புள்ளி ஒரு வீடாகிறது.

அந்தத் தாயும் எழுதினார். அதாவது அவர் சொல்ல, பேரன் எழுதினான். கொட்டிலைப் படத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொரு பெயர்கள் சேர்ந்தன. அதில் ஒரு மருமகனின் பிறந்த வருடம் அவருக்கு நினைவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்குமா என்று கேட்டு, அவர்களுடைய பழைய பங்கின் குருவானவருக்கு எழுதியிருக்கிறேன்.